பழங்கல்படி

திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், உத்தரவிட்டான். சுவரைப் பிரித்தால் சுவரிலிருக்கும் கல்வெட்டுகளும் போய்விடும். அதனால் பிரிப்பதற்கு முன்பே எழுத்துகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துவைக்க வேண்டும் என்பதும் உத்தரவில் சேர்ந்திருந்தது. அரசன் காலம் முடிந்தது. மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்தவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. நடந்தது இதுதான் என்பதையும் கல்லிலேயே சொல்லிவைத்தார்கள். வேறு சில கோயில்களிலும் இப்படித் திரும்ப வெட்டிய எழுத்தோடு ‘பழங்கல்படி’ என்று ஒரு சொல் நிற்கும். ‘நீ பார்ப்பது பழைய கல் இல்லை, பழைய கல்லின் நகல்’ என்று படிப்பவரிடம் நேராகச் சொல்லிவிடும் சொல் அது.

பதின்மூன்று வருஷம் கோயிலின் மொத்தக் கணக்கும் ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது ஒரு வரியை மாற்றியிருக்கலாம். ஒரு மா நிலத்தை இரண்டு மா ஆக்கியிருக்கலாம். மாற்றவில்லை என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குக் காரணம் கல் இல்லை, ‘திரும்ப எழுதினோம்’ என்று அவர்கள் ஒளிக்காமல் சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றும். போன வருஷம் எங்கள் சின்னக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தபோது இந்தத் திருமழபாடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. கேள்வி இது: நடந்து முடிந்த ஒன்றின் பதிவை, அந்தப் பதிவில் இருக்கிறவர் கேட்டால், மாற்றலாமா?

*

கூட்டம் என்றால் ஐந்து பேர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் எந்த நேரத்துக்கு எந்த பஸ் என்று காட்டும் ஒரு சின்ன இணையப் பக்கத்தை விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எழுதினோம். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த நிரல். பாதிக்கு மேல் எழுதியது ஒருத்தி. இந்தக் கட்டுரையில் அவள் பெயர் வராது. பழைய பெயரும் வராது, இப்போதைய பெயரும் வராது. அவள் படித்துப் பார்த்து, ‘சரி, அனுப்பு’ என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

நிரல் எழுதாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் இயந்திரம். நாங்கள் பயன்படுத்தியது கிட். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. நிரலில் ஒரு மாற்றம் செய்து ‘இது இருக்கட்டும்’ என்று பதிவுசெய்வதற்குக் கமிட் என்று பெயர். ஒவ்வொரு கமிட்டிலும் என்ன இருந்தது, யார் எழுதினார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதற்காக, இதற்கு முந்தைய கமிட் எது என்பதெல்லாம் இருக்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 எழுத்தில் ஓர் அடையாள எண் உருவாகிறது. இதுதான் ஹாஷ். அதற்குள் முந்தைய கமிட்டின் ஹாஷும் கலந்திருப்பதால், நடுவில் ஒரு கமிட்டில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கமிட்டின் எண்ணும் மாறிவிடும். சுவரின் அடியிலிருந்து ஒரு கல்லை உருவினால் மேலே உள்ளதையெல்லாம் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், இல்லையா? அதே கதைதான்.

இதையெல்லாம் வசதியாகச் செய்ய முன்பு பெரும்பாலும் சொந்தக் கணினியில் மென்பொருள் நிறுவிக்கொள்வார்கள். 2021இல் பிரவுசரிலேயே செய்வது இன்னும் சுலபமானது. அந்த ஆகஸ்டில் கிட்ஹப் தன் பக்கத்துக்குள்ளேயே ஓர் எடிட்டரைத் திறந்துவிட்டது. நிரல் இருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு கீபோர்டில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் போதும், அதே பிரவுசரில் விஎஸ் கோட் விரியும். அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் விஎஸ் கோடின் இணைய வடிவத்தைத் தனியாக வெளியிட்டது. இடதுபக்கம் ஒரு கிளை பிரிந்த மாதிரி சின்னம் இருக்கும். அழுத்தினால் எந்த வரி போனது என்று சிவப்பில், எந்த வரி வந்தது என்று பச்சையில் காட்டும். ஒரு குறிப்பு எழுதிக் கமிட் செய்தால் நேராக சர்வருக்குப் போய்விடும். கமிட் செய்யாதவரை எழுதியது அந்த பிரவுசரின் சேமிப்பில் மட்டும் இருக்கும். பிரவுசரைத் துடைத்தால் அதுவும் போச்சு.

இந்த எடிட்டரில் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். அதில் டெர்மினல் கிடையாது. புதிதாகச் சேர்க்கலாம், பழையதைப் பார்க்கலாம், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம். பழைய கமிட்டை உடைத்துத் திரும்ப எழுத அதில் வழியில்லை. ஏதோ தத்துவம் யோசித்து அப்படிச் செய்திருக்க மாட்டார்கள், வசதிக்காகச் செய்தது. ஆனாலும் அதைப் பயன்படுத்துகிறவருக்கு ஒரு பாடம் தானாகவே போய்ச் சேர்கிறது: உன்னால் கூட்ட முடியும், கழிக்க முடியாது.

*

அவளுக்கு அந்த எடிட்டர் வசதியாக இல்லை, வழியாக இருந்தது. வீட்டில் தான் யார் என்று சொன்ன பிறகு அங்கே இருக்க முடியவில்லை. கிளம்பும்போது கையில் போன் மட்டும்தான். கணினி வீட்டிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவள் எழுதியதெல்லாம் அடுத்தவர் கணினியில். தோழியின் விடுதி அறை, பிரவுசிங் சென்டர், ஒரு தடவை என் வீட்டு மாடி. நாளைக்கு அதே கணினி கிடைக்குமா என்று தெரியாது. அதனால் ஐந்து வரி எழுதினாலும் உடனே கமிட் செய்துவிடுவாள். வேறு யாருடைய கமிட்டும் அவ்வளவு சின்னதாக இருக்காது. இரவு 1.10, 1.25, 1.50 என்று வரிசையாக நிற்கும். ‘கடைசி பஸ் நேரம் தப்பு, சரி பண்ணேன்’ என்று குறிப்பு இருக்கும்.

அவற்றில் எல்லாம் பழைய பெயர். கணக்கில் அப்போது அந்தப் பெயர்தான் இருந்தது. அதற்கு முன் சொந்தக் கணினியில் எழுதியவற்றில் பெயரோடு மின்னஞ்சலும் இருந்தது, அதற்குள்ளும் அதே பெயர்.

பிறகு சட்டப்படி பெயரை மாற்றினாள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், தன் பாலினம் எது என்று தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019இல் வந்த சட்டம், மாவட்ட ஆட்சியரின் சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற அரசு ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வழி செய்தது. அவள் அலைந்த அலைச்சலை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாற்றினாள் என்பதுதான் செய்தி. கிட்ஹப் கணக்கிலும் பெயரை மாற்றினாள். இங்கேதான் ஒரு விசித்திரம். கிட்ஹப் பக்கத்தில் பார்த்தால் பழைய கமிட்டுகளுக்குப் பக்கத்திலும் கணக்கின் இன்றைய பெயர்தான் வரும், ஏனென்றால் அது மின்னஞ்சலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. ஆனால் நிரலை மொத்தமாக இறக்கி வரலாற்றைக் கேட்டால் உள்ளே வெட்டிவைத்தது அப்படியே வரும். மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறது, அடியில் எழுத்து இருக்கிறது.

ஒரு நேர்முகத் தேர்வில் சுண்ணாம்பு உதிர்ந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ‘நீங்க எழுதினதைக் காட்டுங்க’ என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் நிரலை இறக்கி வரலாற்றை ஓட்டினார். ‘இது வேற யாரோ எழுதினது மாதிரி இருக்கே’ என்றார். சந்தேகமாகக்கூட இல்லை, சும்மா கேட்டார். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. தான் யார் என்று முன்பின் தெரியாத மூன்று பேரிடம் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன் ஏழெட்டு மாத இரவுகளை யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் இரண்டாவதைச் செய்தாள். ‘ஆமா சார், அது டீம்ல இன்னொருத்தர்.’

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. ஓர் உண்மையான பதிவு ஒரு பொய்யைச் சொல்லவைத்துவிட்டதே என்ற திகைப்பு.

*

வரலாற்றைத் திரும்ப எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். எங்களில் மூத்தவரான அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். அவருடைய மறுப்பை நியாயமாக எழுத வேண்டும்.

“ஒண்ணை மாத்த ஆரம்பிச்சா அப்புறம் எதை நம்புறது?” என்றார் ராஜகோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில். “இன்னைக்குப் பேரு. நாளைக்கு ஒருத்தன் தான் பண்ண தப்பை எடுக்கச் சொல்லுவான். நல்ல காரணம் கெட்ட காரணம்னு நாம யாரு பிரிக்க? தொடவே கூடாதுங்கிறதாலதான் அதுக்கு மதிப்பு.”

பிறகு கோயில் பக்கம் கையைக் காட்டினார். “இந்தச் சுவர்ல அறுநூறு கல்வெட்டுக்கு மேல இருக்கு. எத்தனை ராஜா வந்து போயிருக்கான். பிடிக்காததைச் செதுக்கி எடுத்திருந்தா இன்னைக்கு நமக்கு என்ன இருக்கும்?”

அவர் சொல்வதற்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு, கோயிலொழுகு. கோயிலின் நிர்வாகம், திருப்பணி, படையெடுப்பு, மீட்பு என்று பல தலைமுறை ஆட்கள் எழுதிச் சேர்த்த வரலாறு. அருமையான நூல்தான். ஆனால் எந்த வரியை யார் எப்போது சேர்த்தார் என்ற கோடு அதில் இல்லை. பின்னால் வந்தவர் எழுதியது முன்னால் வந்தவரின் குரலோடு கலந்துவிட்டது. சில இடங்களில் ஆண்டுக்கணக்கு கல்வெட்டோடு ஒத்துப்போவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டியிருக்கிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு திருத்தித் திருத்தியே மூலம் எது என்பது மங்கிப்போயிற்று. அண்ணன் பயந்தது இதற்குத்தான். நல்லெண்ணம் பதிவைக் கெடுக்கும் என்பதில் அவர் சொன்னது சரி.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். “டிரிச்சினாபொலின்னு வெள்ளைக்காரன் ஆவணம் பூரா இருக்கு. அதை யாராச்சும் போய்த் திருத்துறோமா? அப்போ அப்படித்தான் சொன்னாங்க, அவ்வளவுதான்.”

அவள் அதுவரை பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஊருக்கு இன்டர்வியூ கிடையாதுண்ணே.”

*

அன்றைக்கு வீட்டுக்கு நடந்துவரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எதற்காகப் பதிவு வைக்கிறோம்? ‘உண்மைக்காக’ என்று சொல்வது சுலபம், ஆனால் அது பதில் இல்லை. உண்மைகள் கோடிக்கணக்கில் நடக்கின்றன, எல்லாவற்றையும் யாரும் கல்லில் வெட்டுவதில்லை.

சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது நந்தா விளக்குக் கொடை. ஒருவர் கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பார். ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா என்ன? சாகும், குட்டி போடும். எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் நிற்கக் கூடாது என்பதுதான் பேச்சு. ஆடு மாறலாம், வாக்கு மாறக் கூடாது. இதைக் கல்லில் வெட்டிவைக்கக் காரணம், என்றாவது ஒருநாள் விளக்கு அணைந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரிய வேண்டும்.

பதிவுக்கு இதுதான் வேலை என்றால், எந்தத் திருத்தம் சரி, எந்தத் திருத்தம் மோசடி என்று பிரிக்க ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது. திருத்திய பிறகு, கேட்க வேண்டிய ஆளிடம் நம்மால் போய்ச் சேர முடியுமா, முடியாதா? ஆட்டை விற்றுத் தின்றவன் தன் பெயரைச் சுரண்டச் சொன்னால், அவன் தன்னிடம் வரும் பாதையை அடைக்கச் சொல்கிறான். செய்யக் கூடாது. அவள் கேட்டது நேர் எதிர். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்று திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. பஸ் நேரம் ஏன் தப்பாக வருகிறது என்று ஒருவர் அந்தப் பெயரைத் தேடிப் போனால் வெற்றுச் சுவரில் போய் முட்டுவார். இப்போதைய பெயரை வைத்தால் ஒரு மனுஷி ‘நான்தான், சொல்லுங்க’ என்பாள். தன் வேலைக்குப் பொறுப்பேற்க அவள் பாதையைத் திறக்கச் சொல்கிறாள்.

‘அப்போது அந்தப் பெயர்தானே இருந்தது, அதுதானே நடந்தது’ என்று கேட்கலாம். கமிட்டில் இருக்கும் அந்த இடம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ‘எழுதியவரை ஊரார் அப்போது எப்படி அழைத்தார்கள்’ என்று அது கேட்கவில்லை. ‘யார் எழுதியது’ என்று கேட்கிறது. அதற்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே பதில்தான், அவள். இன்னொன்று, கிட் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. நாம் என்ன பெயரை அமைப்பில் கொடுக்கிறோமோ அதையே எழுதிக்கொள்ளும். எனவே அது ஆரம்பத்திலிருந்தே ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான். வேறு யாரும் கொடுத்த சாட்சியம் அது இல்லை. திருமழபாடியில் உத்தரவு போட்ட அரசனுக்கே இயற்பெயர் அருள்மொழி. ராஜராஜன் என்பது பிறகு வந்தது. அதனால் அவனுடைய கொடைகள் வேறொருவருடையவை என்று யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் அண்ணனின் பயம் முழுக்கத் தீரவில்லை. திருத்தத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று மெயில்மேப் என்ற சின்னக் கோப்பு. ‘இந்த மின்னஞ்சலைப் பார்த்தால் இந்தப் பெயரைக் காட்டு’ என்று அதில் எழுதிவைத்தால் கிட் வரலாற்றைக் காட்டும்போது புதிய பெயரையே காட்டும். ஹாஷ் எதுவும் மாறாது, யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அந்தக் கோப்பு எல்லாரும் பார்க்க நிரலோடேயே கிடக்கும். பழைய மின்னஞ்சல், அதற்குள் பழைய பெயர், பக்கத்திலேயே புதிய பெயர். மறைக்க வைத்த திரையே விலாசப் பலகையாகிவிடும். இன்னொன்று மொத்த வரலாற்றையும் பிரித்துக் கட்டுவது. எல்லா எண்ணும் மாறும், எல்லாரும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். பழைய எண் தெரிந்தவர் கொஞ்ச காலம் சர்வரில் பழைய கமிட்டைத் திறக்கவும் முடியும், கிட்ஹப்பிடம் எழுதிச் சொல்லித் துடைக்கவைக்க வேண்டும்.

பிரித்துக் கட்டுவது என்று முடிவானது. அப்போதுதான் நான் திருமழபாடியைச் சொன்னேன். திரும்ப எழுதுவோம், திரும்ப எழுதினோம் என்று முகப்பில் சொல்லிவிடுவோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏசிஎம், வைலி மாதிரியான ஆய்வுப் பதிப்பகங்கள் 2020ஐ ஒட்டி இத்தகைய பெயர் மாற்றத்துக்கு விதி கொண்டுவந்தபோது, திருத்தக் குறிப்பு போடாமலேயே பெயரை மாற்றித் தரும் வழியை வைத்தன. குறிப்பே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். எங்கள் ஐந்து பேரில் யார் என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. அதனால் அவளிடமே கேட்டோம்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “மாத்தினோம்னு போடுங்க. யாரோட பேருன்னு போட வேணாம். தேடணும்னு வர்றவன் எப்படியும் தேடுவான். சும்மா வந்து பார்க்கிறவன் கண்ணுல நான் படணும், அவ்ளோதான்.”

முகப்பில் இப்போது இரண்டு வாக்கியம் இருக்கிறது. இந்தத் தேதியில் இந்த வரலாறு திரும்ப எழுதப்பட்டது, ஒரு பெயர் சரிசெய்யப்பட்டது. நிரலும் நேரமும் குறிப்புகளும் மாறவில்லை. இரவு 1.10, 1.25, 1.50 எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதைத் தொடக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த இரவுகளை மறக்க அவள் எப்போதும் கேட்டதில்லை, தன் பெயரில் எழுதச் சொன்னாள்.

*

கிட்டில் ஒரு விஷயம் உண்டு. நிரலை இறக்கிய ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். சர்வரில் மாற்றினால் மட்டும் மாறிவிடாது. ஐந்து பேரும் தங்களிடம் இருக்கும் பழைய பிரதியை அழிக்க வேண்டும். அழித்தார்களா என்று சோதிக்கக் கருவி கிடையாது. சட்டம், தீர்ப்பு, மென்பொருள் எல்லாம் ஒரு எல்லை வரைதான் வரும். அதற்கு அப்புறம் இன்னொருவர் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார் என்பதை நம்பித்தான் ஒருவருடைய பெயர் நிற்கிறது. இது எனக்கு நிம்மதி தரும் முடிவு இல்லை. அவளுக்கும் இருந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். “என்கிட்ட இருந்ததை எடுத்துட்டேன். ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு” என்றார். கமிட்டுகளுக்குக் கீழே நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கருத்துகள். அவை கிட்டுக்குள் வராது, கிட்ஹப்பில் தனியாக இருக்கும். எந்த நிரலை ஓட்டினாலும் அவை மாறாது. ஆரம்ப நாட்களில் அவர் ஒவ்வொன்றிலும் ‘தம்பி, இந்த வரி சரியில்ல’, ‘நல்லா இருக்கு தம்பி’ என்று எழுதியிருந்தார். பிரவுசரில் ஒவ்வொன்றாகத் திறந்து, ‘தம்பி’யை எடுத்துவிட்டு ‘தங்கச்சி’ என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். திருத்திய ஒவ்வொன்றின் தலையிலும் ‘திருத்தப்பட்டது’ என்று கிட்ஹப் சின்ன எழுத்தில் போட்டுவிடும். அதை அழுத்தினால் முன்பு என்ன இருந்தது என்று காட்டும். அந்தப் பழைய வடிவத்தையும் அழிக்கலாம். அழித்தால், திருத்தம் நடந்தது, யார் எப்போது செய்தார் என்பது மட்டும் மிஞ்சும்.

“அதையும் எடுக்கவான்னு அவகிட்ட கேட்டேன்” என்றார். “எடுத்துடுங்கண்ணே, ஆனா நீங்க திருத்தினீங்கங்கிறது இருக்கட்டும்னு சொன்னா.”

இன்னும் நாற்பது பாக்கி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடுவதாகச் சொன்னார்.